மரத்துப்போன காலுக்குச் செருப்பு: அளவும் உறுதியும் பார்த்து வாங்குவது எப்படி?

கலவைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் சென்ற கோடையில் நம் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். பதினோரு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை. தைத்து முடிந்த ஷூக்களை ஜோடி சேர்த்து, இடது வலது இரண்டிலும் அளவு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் அடுக்குவது அவருடைய பணி. வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே வெளிப்புற ஓரத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் இருந்தது. அது எப்போது உண்டானது என்று அவரால் சொல்ல முடியவில்லை. வீட்டுத் தரையில் ஈரக் கறை படிந்திருப்பதை மகள் பார்த்துச் சொன்ன பிறகே அவர் தம் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வலி சிறிதும் இல்லை.

கழற்றி வைத்திருந்த செருப்பை எடுத்துப் பார்த்தேன். புதியது. எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு மாசம்கூட ஆகல டாக்டர். ஒரு நம்பர் பெருசா போட்டுப் பார்த்தேன், கால்ல செருப்பு இருக்கற மாதிரியே தெரியல. இதுதான் கச்சிதமா இருந்துச்சு."

நாள் முழுவதும் பிறர் காலணிகளின் அளவைச் சரிபார்ப்பவர், தமக்கு ஓர் அளவு சிறியதை வாங்கியிருந்தார். இது அவருடைய கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. உணர்வு குறைந்த பாதம் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது. லேசான தொடுதல் தெரியாத பாதத்துக்கு இறுக்கம் மட்டுமே தெரியும். ஆகவே இறுகப் பிடிக்கும் செருப்பே "கச்சிதம்" என்று தோன்றும். சரியான அளவுள்ள செருப்பு தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் முதல் முறையாகப் பாதுகாப்புக் காலணி வாங்கும்போது செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

காலணியின் அளவையும் உறுதியையும் பாத உணர்வை நம்பாமல் எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உணர்வு இருக்கிறதா? வீட்டிலேயே பார்க்கலாம்

மருத்துவமனையில் நாங்கள் பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்துச் சோதிக்கிறோம். வீட்டில் அதற்கு ஈடான எளிய சோதனை ஒன்று உண்டு. நோயாளி கண்களை மூடிப் படுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவர் தம் ஆள்காட்டி விரல் நுனியால் நோயாளியின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் ஒவ்வொன்றாக ஓரிரு நொடிகள் மென்மையாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. இரு கால்களிலும் சேர்த்து ஆறு விரல்கள். தொட்டது தெரிந்தவுடன் நோயாளி "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற்போனால், பாதத்தின் பாதுகாப்பு உணர்வு குறைந்திருக்கக்கூடும் என்று கொண்டு மருத்துவரைக் காண வேண்டும்.

ஊசியால் குத்திப் பார்ப்பதும், வெந்நீரில் காலை வைத்துப் பார்ப்பதும் வேண்டா. அவற்றால் உண்டான புண்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வலியின் அருமையை அறிந்த மருத்துவர்

உணர்வற்ற பாதத்திற்கான காலணி பற்றிய அறிவு பெருமளவுக்கு நம் வட்டாரத்தில் வளர்ந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தபோது வேறோர் உண்மை புலப்பட்டது. நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. அதன் பின் பாதத்தைக் கெடுப்பவை நாம் எல்லாரும் அன்றாடம் சந்திக்கும் சிறு காயங்களே. வலி உள்ளவர் காலை எடுத்துக்கொள்கிறார், நொண்டுகிறார், செருப்பைக் கழற்றி உதறுகிறார். வலி இல்லாதவர் அதே காலின்மீது தொடர்ந்து நடக்கிறார்.

பிராண்டுக்கே ஓர் அனுபவம் நேர்ந்தது. இங்கிலாந்தில் நீண்ட பயணம் ஒன்றின் முடிவில், ஓர் இரவு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வே இல்லை. தமக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது என்று எண்ணி இரவைக் கலக்கத்தோடு கழித்தார். மறுநாள் காலை ஊசியால் குத்திப் பார்த்தபோது வலித்தது. நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்து வந்ததால் நரம்பு சற்றே மரத்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலியைப் போல் மகிழ்ச்சி தந்தது வேறில்லை என்று அவர் பின்னர் பலமுறை கூறியிருக்கிறார்.

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கப்பட்ட ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணி தொடர்ந்தது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பரால் உட்பகுதி அமைத்த செருப்புகள் அங்கே செய்து பார்க்கப்பட்டன. இன்று நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்வது அந்த வகையே. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். இங்கே தொழுநோயாளிகளிடம் கற்ற பாடங்கள் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்தும் என்பதை அங்கே அவர் எடுத்துக்காட்டினார்.

பாதம் புண்ணாகும் மூன்று வழிகள்

பிராண்ட் கற்பித்தவற்றுள் நமக்கு மிகவும் பயன்படுவது, உணர்வற்ற பாதம் எவ்வாறு புண்ணாகிறது என்பதற்கு அவர் அளித்த விளக்கம். காலணி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது.

முதலாவது, சிறிய அழுத்தம் நெடுநேரம் நீடிப்பது. இறுக்கமான செருப்பின் வார் தோலை அழுத்தும்போது அந்த இடத்திற்கு இரத்தம் செல்வது தடைப்படும். சில மணி நேரம் இப்படியே இருந்தால் தோல் செத்துப் புண்ணாகிவிடும். மேலே சொன்ன பெண்மணிக்கு நேர்ந்தது இதுவே. இதைத் தடுப்பது சரியான அளவு.

இரண்டாவது, பேரழுத்தம் ஒரு சிறு புள்ளியில் விழுவது. முள், ஆணி, கண்ணாடித் துண்டு ஆகியவை இவ்வகை. இதைத் தடுப்பது காலணியின் உறுதியான அடிப்பாகம்.

மூன்றாவது, நடுத்தர அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழுவது. நடக்கும் ஒவ்வொரு முறையும் விரல்களுக்குக் கீழேயுள்ள எலும்பு முனைகள் தரையில் அழுந்துகின்றன. நாளடைவில் அங்கே காய்ப்பு உண்டாகி, அதன் அடியில் தசை நைந்து, ஒருநாள் வெடித்துப் புண்ணாகிறது. இதைத் தடுப்பது மென்மையான உட்பகுதி.

ஆகவே சரியான அளவு, உறுதியான அடிப்பாகம், மென்மையான உட்பகுதி ஆகிய மூன்றும் ஒரே காலணியில் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயன் குறையும்.

அளவு: கால் சொல்வதைக் கேளாமல் காகிதத்தைக் கேளுங்கள்

மாலை வேளையில் அளவெடுங்கள். பகல் முழுவதும் நின்றும் நடந்தும் இருந்தால் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்திய செருப்பு மாலையில் இறுகும்.

ஒரு தடித்த காகிதத்தைத் தரையில் வைத்து அதன்மேல் நேராக நில்லுங்கள். உட்கார்ந்து அளவெடுக்கக் கூடாது. உடல் எடை விழும்போதே பாதம் முழுமையாக விரிகிறது. வீட்டிலுள்ள வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு பாதங்களையும் சுற்றிக் கோடு வரையட்டும். பென்சில் உள்நோக்கிச் சாய்ந்தால் அளவு குறைந்துவிடும். கோட்டின் வழியே காகிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள். பலருக்கு இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய பாதத்தின் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைக்கு இந்தக் காகிதப் பாதங்களை எடுத்துச் செல்லுங்கள். செருப்பின் உட்பகுதியில் காகிதத்தை வைத்துப் பாருங்கள். ஷூவாக இருந்தால் உள்ளே நுழைத்துப் பாருங்கள். காகிதத்தின் ஓரம் எங்கேனும் மடிந்தாலோ, செருப்பின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, அந்தக் காலணி உங்களுக்குச் சிறியது. "போட்டால் பழகிவிடும்" என்று கடைக்காரர் சொல்லலாம். வலி தெரிந்த காலுக்கு அது ஓரளவு உண்மை. மரத்த காலின் விஷயத்தில், காலணி பழகுவதற்குள் தோல் உரிந்துவிடும்.

நீளத்தில், மிக நீண்ட விரலின் நுனிக்கும் காலணியின் முன்புற உள்விளிம்புக்கும் இடையே 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு பெருவிரலின் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் கட்டைவிரலே நீண்டது என்று நினைக்க வேண்டா. சிலருக்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும். இடைவெளி 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கிக் கொப்புளம் உண்டாகும். பெரியதாக வாங்கினால் நல்லதுதானே என்ற எண்ணமும் தவறே.

அகலத்தில், விரல்கள் தொடங்கும் இடமே பாதத்தின் மிக அகன்ற பகுதி. காலணியும் அங்கே அதே அகலம் கொண்டிருக்க வேண்டும். நம் ஊர்களில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் உருவாகும் ஷூக்களில் பெரும்பகுதி வெளிநாட்டவரின் பாதத்திற்கான அச்சில் தைக்கப்படுபவை. ஏற்றுமதியில் கழிக்கப்பட்டவை குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது வாங்கிவிடத் தோன்றும். தோலும் தையலும் உயர்தரமாகவே இருக்கும். ஆனால் அகலம் நமக்குப் போதாமற்போகலாம். சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அண்மையில் நாடு முழுவதும் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து ஆய்வு செய்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியப் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதில் தெரியவந்தது. இந்தியர்க்கென்றே தனி அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே.

உயரத்தில், ஷூவின் முன்பகுதியில் விரல்கள் மேலே உரசாத அளவுக்கு இடம் வேண்டும். விரல்கள் வளைந்து மடங்கியிருப்பவர்களுக்கு விரல் மூட்டுகளின் மேற்புறம் உரசிப் புண்ணாவது மிகுதி. ஷூவை அணிந்தபின் மேல்தோலை விரலால் கிள்ளிப் பாருங்கள். சிறிதளவு மடிப்பு பிடிபட வேண்டும்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நம் நாட்டில் வழங்கும் ஆங்கில அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் அது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். நிறுவனத்திற்கு நிறுவனம் அச்சு வேறுபடுவதால், ஒரே எண் கொண்ட இரண்டு காலணிகள் ஒரே அளவாக அமைவதில்லை. "எனக்கு எப்போதும் ஏழாம் நம்பர்தான்" என்பவர்கள் ஒருமுறை காகிதத்தை வைத்துப் பார்த்தால் வியப்படைவார்கள். வயது கூடும்போதும், நரம்புப் பாதிப்பு நேரும்போதும் பாதத்தின் வடிவம் மாறுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் எடுத்த அளவு இன்றைக்குப் பயன்படாது.

உறுதி: உள்ளே மென்மை, வெளியே வன்மை

"சர்க்கரைக் காலுக்கு மெத்தென்ற செருப்பு வாங்குங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டுப் பலர் முழுவதும் பஞ்சு போன்ற செருப்பை வாங்கி வருகிறார்கள். கையில் அமுக்கினால் இதமாக இருக்கும். ஆனால் அதில் இரண்டு தீங்குகள் உண்டு. வயலுக்குச் செல்லும் வழியில் ஒரு சீமைக்கருவேல முள் அதை எளிதில் துளைத்துப் பாதத்தில் ஏறும். மேலும், உடல் எடை விழ விழ அந்தப் பஞ்சு சில வாரங்களிலேயே தட்டையாகிவிடும். அதன் பிறகு அதில் நடப்பதும் வெறுங்காலோடு நடப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். தரையைத் தொடும் அடிப்பாகம் கெட்டியான ரப்பராக இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. ஆணி அடித்துச் செய்த காலணி எந்நிலையிலும் வேண்டா. அடிப்பாகம் தேயும்போது ஆணியின் முனை உள்ளே எழும். அதை அணிந்தவருக்குத் தெரியாது. ஒட்டியோ தைத்தோ செய்த காலணியே தக்கது. பழைய செருப்பைத் தைக்கக் கொடுக்கும்போதும் ஆணி அடிக்க வேண்டா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, வளையும் இடம். ஒரு கையால் குதிகால் பகுதியையும் மறு கையால் விரல் பகுதியையும் பிடித்து மெல்ல வளையுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும். நடுப்பகுதியில் மடிந்தால் அந்தக் காலணி பாதத்தைத் தாங்காது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பார்க்கும்போது எளிதில் முறுங்கினாலும் ஒதுக்கிவிடுங்கள். ஷூவின் குதிகால் சுற்றுப்பகுதியை இருபுறமும் விரல்களால் அழுத்தினால் உள்வாங்கக் கூடாது.

பின்பு உட்பகுதி. பாதம் படியும் பகுதியே மென்மையாக இருக்க வேண்டியது. எம்.சி.ஆர். ரப்பரின் மென்மையை ஷோர் என்ற அளவுகோலில் குறிப்பார்கள். உணர்வற்ற பாதத்திற்கு ஏறத்தாழ 15 முதல் 20 வரையுள்ள ரப்பர் ஏற்றது. கடையில் அந்தக் கருவி இருக்காது. அதற்குப் பதிலாக உட்பகுதியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்துங்கள். ஏறத்தாழப் பாதித் தடிமனுக்கு அமுங்கி, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் அது மிகக் கடினம். அமுங்கியது மீளவில்லையென்றால் அதன் உயிர் போய்விட்டது என்று பொருள்.

விலை குறைந்த சில செருப்புகள் எம்.சி.ஆர். என்ற பெயரில் விற்கப்பட்டாலும் உள்ளே இருப்பது கடினமான சாதாரண ரப்பராக இருக்கக்கூடும். நிறத்தையும் பெயரையும் பார்க்காமல் விரலால் அழுத்திப் பார்ப்பதே நம்பகமான வழி.

வாரைப் பொறுத்தவரை, கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே வார் செல்லும் ஹவாய் வகைச் செருப்பு மரத்த காலுக்கு ஏற்றதன்று. அதைக் காலில் நிறுத்த விரல்கள் ஓயாமல் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விரலிடுக்கில் தோலும் அறுபடும். உணர்வில்லாதவர் நடக்கும்போது அது கழன்று விழுந்தாலும் அறியாமல் சில அடிகள் நடந்துவிடுவார். முன்புறம் இரண்டு அகன்ற வார்களும் குதிகாலைச் சுற்றிப் பின்வாரும் உள்ள செருப்பே நல்லது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டை இருந்தால், மாலையில் கால் வீங்கும்போது தளர்த்திக்கொள்ளலாம். பின்வார் இருந்தால், சரியான அளவுள்ள செருப்பும் காலில் நிற்கும். "கழன்று விழுகிறது" என்று சிறிய அளவை நாட வேண்டியதில்லை.

எல்லாருக்கும் ஒரே காலணி பொருந்தாது

பாதத்தில் உணர்வு நன்றாக இருந்து, வடிவமும் மாறாமல் இருப்பவர்கள், மேற்சொன்ன அளவு முறையைப் பின்பற்றிச் சாதாரணக் காலணிகளையே வாங்கலாம்.

உணர்வு குறைந்து, பாதத்தின் வடிவம் மாறாதிருப்பவர்களுக்கு, மென்மையான உட்பகுதியும் கெட்டியான அடிப்பாகமும் கொண்ட ஆயத்தக் காலணி போதும்.

விரல்கள் மடங்கியவர்கள், விரல் நீக்கப்பட்டவர்கள், முன்பு புண் வந்து ஆறியவர்கள் ஆகியோர் கடையில் கிடைப்பதை வாங்கக் கூடாது. அவர்களுக்கு அளவெடுத்துச் செய்த காலணி வேண்டும். சிலருக்கு வளையாத கெட்டியான அடிப்பாகத்தை முன்புறம் மேல்நோக்கி வளைத்து, படகின் அடிபோல் உருளும்படி அமைப்போம். நடக்கும்போது பாதம் மடங்காமல் உருண்டு செல்வதால், விரல்களுக்குக் கீழே விழும் அழுத்தம் குறையும். இதை மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே அணிய வேண்டும். தடுமாறி நடப்போர்க்கு இது கீழே விழக் காரணமாகிவிடலாம். ஆறிய புண் ஓராண்டுக்குள் பத்தில் நான்கு பேருக்குத் திரும்ப வருகிறது என்பதால் இந்த வகையினருக்குக் காலணியும் ஒரு மருந்தே.

இப்போது புண் உள்ளவர்களும், ஒரு பாதம் மட்டும் சிவந்தோ வீங்கியோ சூடாகவோ இருப்பவர்களும் எந்தக் காலணியையும் வாங்க வேண்டா. முதலில் மருத்துவரிடம் வாருங்கள். வலியில்லாத வீக்கம் எலும்பு முறிவாகவும் இருக்கலாம். அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது பாதத்திற்கு முழு ஓய்வும் மாவுக்கட்டு போன்ற சிகிச்சையுமே. செருப்பு அதற்குப் பிறகுதான்.

புதுக் காலணியைப் பழக்கும் முறை

முதல் நாள் அரை மணி முதல் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் வீட்டுக்குள்ளே அணியுங்கள். பிறகு கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பாதத்தின் மேற்புறம், அடிப்புறம், விரலிடுக்கு, குதிகால் அனைத்தையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை குறைந்தவர்களுக்கு மகனோ மகளோ பேரப்பிள்ளைகளோ பார்த்துச் சொல்லட்டும்.

சிவப்புத் தடம் உள்ளதா என்று பாருங்கள் என்று நூல்கள் கூறும். நம் தோல் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே புறங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ, கறுத்தோ, தடித்தோ இருந்து, அரை மணி நேரமாகியும் மாறவில்லையென்றால், அங்கே காலணி அழுத்துகிறது. அதை அணிவதை நிறுத்திவிட்டு எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். ஒரு வாரைத் தளர்த்துவதோ சிறிது வெட்டிச் சரிசெய்வதோ போதுமானதாக இருக்கலாம். குறை ஒன்றும் தென்படவில்லையென்றால் நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டிச் செல்லுங்கள். புதுச் செருப்பை அணிந்துகொண்டு திருமணத்திற்கோ வெளியூர்ப் பயணத்திற்கோ செல்லாதீர்கள்.

ஒவ்வொரு முறை அணியும் முன்பும் செருப்பை உதறி, ஷூவாக இருந்தால் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கூழாங்கல், பேனா மூடி, குழந்தையின் விளையாட்டுப் பொருள் என்று பலவற்றை நாங்கள் நோயாளிகளின் காலணிகளிலிருந்து எடுத்திருக்கிறோம். ஷூ அணிபவர்கள் வெளிர் நிறப் பருத்திக் காலுறை அணிவது நல்லது. இரத்தமோ சீழோ கசிந்தால் உடனே கண்ணில் படும். இறுக்கமான எலாஸ்டிக் பட்டை உள்ளவை வேண்டா.

எம்.சி.ஆர். உட்பகுதியை மாதம் ஒருமுறை விரலால் அழுத்திச் சோதியுங்கள். நாள்தோறும் அணிந்தால் ஏறத்தாழ ஆறு மாதங்களில் அது தன் மென்மையை இழந்துவிடும். மேலே வார் புதியதுபோல் இருந்தாலும் செருப்பை மாற்ற வேண்டிய காலம் அது.

வீட்டுக்குள்ளும் கோயிலுக்கும்

நம் வீடுகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவது வழக்கம். அந்தத் தூய்மை காக்கப்பட வேண்டியதே. அதற்காக வீட்டுக்குள் மட்டும் அணிய ஒரு தனி ஜோடி வைத்துக்கொள்ளலாம். பாத்திரம் விழுவதும், கட்டில் காலில் விரல் இடிபடுவதும், சமையலறையில் சூடான எண்ணெய் தெறிப்பதும் வீட்டுக்குள்தான் நிகழ்கின்றன.

கோயிலுக்குச் செல்லும்போது இயன்றவரை அதிகாலையிலோ மாலை வெயில் தணிந்த பின்போ செல்லுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் வட்டார வெயிலில் கல்தரையும் தார்ச்சாலையும் சில நிமிடங்களிலேயே தோலைச் சுட்டுவிடும். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். உணர்வில்லாத பாதத்தோடு வெறுங்காலில் அதைச் சுற்றிவந்து, மறுநாள் உள்ளங்கால் முழுவதும் கொப்புளத்தோடு வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். வேண்டுதல் உள்ளவர்கள், பௌர்ணமி அல்லாத நாளில் ஆட்டோவில் சுற்றிவருவது பற்றிக் குடும்பத்தாருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

எம்.சி.ஆர். செருப்பைப் பரிந்துரைத்தால் வாங்கிச் சென்று, ஆனால் அணியாமல் பரணில் போட்டுவிடுபவர்கள் உண்டு. ஏன் என்று கேட்டால் முதலில் பதில் வராது. சற்று நேரம் கழித்து, "இத போட்டா ஊர்ல வேற மாதிரி நினைக்கிறாங்க" என்பார்கள். தொழுநோயாளிகளுக்காக உருவான செருப்பு என்பதால் அதைக் கண்டாலே ஒதுக்கும் மனப்பான்மை இன்னும் சில இடங்களில் மறையவில்லை. தொழுநோய் மருந்துகளால் முற்றிலும் குணமாகும் நோய். செருப்பினால் எந்த நோயும் பரவாது. சிறிய பாதிப்பை வெட்கத்தினால் பெரிய இழப்பாக்கிக்கொள்ள வேண்டா. மேல்தோலின் நிறத்தையும் வாரின் வடிவத்தையும் விரும்பியபடி அமைத்துத் தரச் சொல்லலாம். உட்பகுதி சரியாக இருந்தால் வெளித்தோற்றம் எப்படியும் இருக்கலாம். தொழுநோயால் உணர்விழந்தவர்களுக்குத் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு இரண்டு ஜோடி எம்.சி.ஆர். செருப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

வீட்டிலுள்ளவர்கள் நாள்தோறும் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். இரவு உணவுக்குப் பின் அம்மாவின் அல்லது அப்பாவின் கால்களை ஒருமுறை பாருங்கள். அவருடைய பாதம் சொல்ல மறந்ததை உங்கள் கண்கள் சொல்லட்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட பெண்மணியின் புண் ஆற மூன்று மாதங்கள் ஆயின. விரலை இழக்காமல் தப்பினார். புதுச் செருப்புக்கு அளவெடுக்க வந்த நாளில், காகிதத்தில் வரைந்த தம் பாதத்தையும் பழைய செருப்பையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் செருப்பின் இருபுறமும் வெளியே நீண்டிருந்தது. இப்போது அவர் அணிவது அதைவிட ஓர் எண் பெரியது. இன்னும் அது தமக்குத் தளர்வாகவே தோன்றுகிறது என்கிறார். ஆனாலும் அதையே அணிகிறார்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, நாள்தோறும் அணியும் செருப்பையே அணிந்து வாருங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகிறோம் என்று புதிய செருப்பைப் போட்டுக்கொண்டு வர வேண்டா. உங்கள் இரத்தச் சர்க்கரை அறிக்கையைப் பார்ப்பதற்கு முன் அந்தச் செருப்பை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க விரும்புகிறோம்.